திருமதி ஆங்கோனு

எங்கள் அலுவலகத்தில் இப்போது படங்களுக்கு மாட்டும் லேபிள்கள் மெஷினிலிருந்து வருகின்றன. போன மாதம் பென்ஷன் விஷயமாக அங்கே போனபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி, "சார், நீங்கதானாமே அந்த ஆங்கோனு?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கப் பாடுபட்டாள். பக்கத்து மேசைக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் என் புகழ் குறையவில்லை! ஆளாளுக்குக் கைகால் வைத்து அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கதையில் எனக்கு வேலையே போய்விட்டதாம். இன்னொன்றில் ஒரு மீனவர் என்னைக் கூடையால் அடித்தாராம். சம்பந்தப்பட்ட ஆளே உயிரோடு இருக்கும்போது இந்தப் பஞ்சாயத்து எதற்கு? நானே சொல்லிவிடுகிறேன். அடி விழவில்லை. விழுந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை.

நான் அடிப்படையில் போர்டு எழுதுகிறவன். பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு பெயின்ட் கடையில் தொழில் கற்றேன். துணிக்கடை, மருந்துக்கடை, தையல்கடை என்று புதுச்சேரியில் பாதிக் கடைகளின் நெற்றியில் என் எழுத்துதான் இருந்தது. மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். பிரெஞ்சு எழுத்தை அச்சு மாதிரி வரைவேன். வாசிக்கத்தான் வராது. ஒரு எழுத்து விட்டுப்போனால் கடைக்காரர் திட்டுவார், அந்தத் திட்டுதான் என் பிரெஞ்சுப் படிப்பு. ஒரு தையல்காரரின் மனைவி தனிக்கடை போட்டபோது, அவர் கணவர் போர்டில் இல்லாத ஒரு E அந்த அம்மாள் போர்டில் கடைசியாக வந்தது. கடைசியில் E வந்தால் பெண்பிள்ளை என்று அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன். அந்தப் படிப்பு பின்னால் என்ன வேலை செய்தது என்று பார்க்கத்தானே போகிறீர்கள்.

ஐம்பத்து நாலில் ஊர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. ஆனால் காகிதத்தில் முழுசாகக் கைமாற அறுபத்திரண்டு ஆனது. நடுவில் எட்டு வருஷம், நிச்சயமாகித் தாலி ஏறாத பெண் மாதிரி எங்கள் ஊர் இருந்தது. அந்தச் சமயத்தில், பழைய கட்டடங்களில் தொங்கிக்கொண்டும் பரண்களில் கிடந்துகொண்டும் இருந்த படங்களை ஓரிடத்தில் சேர்த்து, பட்டியல் போட்டு, பொதுமக்கள் பார்க்க வைப்பது என்று முடிவாயிற்று. கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவைக் கொடுத்தார்கள். பிரெஞ்சிலும் தமிழிலும் நல்ல கையெழுத்து உள்ள ஆள் தேவை என்றார்கள். கையெழுத்துதானே கேட்டார்கள், சேர்ந்துவிட்டேன். தற்காலிக வேலை.

என் மேலதிகாரி மதாம் செலின். என்னைவிட இரண்டு வயது சின்னவர். கான்வென்ட்டில் பிரெஞ்சிலேயே படித்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். தமிழ் பேசுவார், மார்க்கெட்டில் பேரம் பேசி எந்தக் கடைக்காரரையும் அழவைக்கும் அளவுக்குப் பேசுவார். ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் இருமொழிப் பட்டியல் தயாரித்தோம்.

மதாம் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தப்பு நடந்தால் கையிலிருக்கும் பேனாவுக்கு மெதுவாக மூடி போடுவார். அந்த 'டக்' சத்தத்துக்கு நான் நடுங்குவேன்.

வேலை இப்படி நடக்கும். படத்தை இறக்கி, இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் துவைத்த வேட்டியை விரித்து, படத்தை முகம் கீழே இருக்கும்படி கிடத்த வேண்டும். முன்பக்கத்தை யாரும் பார்க்கக் கூடாது. முதலில் முதுகு. பழைய சீட்டு ஒட்டியிருக்கிறதா, ஆணி எந்தக் காலத்து ஆணி, துணியில் ஏதாவது கிறுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "மூஞ்சி எல்லாருகிட்டயும் ஒரு கத சொல்லும் மொசியே நாகப்பன், முதுகு பொய் சொல்லாது" என்பார். பிறகு புரட்டி, சவரம் பண்ணுகிற பிரஷ்ஷால் தூசி தட்டி, சட்டத்தை விட்டுவிட்டு உயரம் முதலில், அகலம் பிறகு என்று டேப்பில் அளக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பட்டியல். எண், என்ன படம், யார் வரைந்தது, எங்கே கிடைத்தது, என்ன நிலைமை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒரு முறை, ஒரு கவர்னர் படத்தைப் பார்த்து, 'கோபக்காரர் போலிருக்கிறது' என்று குறிப்பில் சேர்த்துவிட்டேன். டக்.

"கண்ணால பாத்தத எழுதுங்க, காதால கேட்டத எழுதுங்க. நெனச்சத வீட்ல போய் நெனச்சிக்கோங்க."

படம் வரைந்தவர் என்ற பத்தி வந்ததும், முதல் நாள், "ஆங்கோனு" என்றார். எழுத்துக் கூட்டியும் சொன்னார். I, N, C, O, N, N, U. அடுத்த படத்துக்கும் ஆங்கோனு. அதற்கடுத்ததற்கு, "இதெம்" என்றார். இதெம் என்றால் 'மேற்படி' என்று கடை பில்களில் எழுதி எழுதி எனக்குத் தெரியும். இதெம், இதெம், இதெம். ஆகமொத்தம் பதினாலு படம். யப்பா, என்ன உழைப்பாளி என்று வியந்தேன். கப்பல், கடல்புரம், விக் வைத்த துரை, பூச்சாடி, மாதாகோயில், எதையும் விடவில்லை அந்த மனிதர்.

பதினைந்தாவது படம் சுங்கக் கிடங்கில் ஒரு பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. ஒரு மீன்காரப் பெண். கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஈரமான சேலை முந்தி, காலடியில் கூடை, மூக்கில் ஒற்றை மூக்குத்தி. முதுகைப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. வரைந்தவர் இதெம். படத்தில் இருப்பவர் யார் என்ற இடத்தில் மதாம் மறுபடி, "ஆங்கோனு" என்றார். கூட ஒரு வார்த்தை சேர்த்தார், "கடைசில ஒரு E போடுங்க."

எனக்குத்தான் E தெரியுமே!

படங்களை மாட்டி, கதவைத் திறந்துவிட்டோம். தமிழ் லேபிள்கள் எழுதி முடிக்க எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆகும் என்பதால் முதலில் வெறும் படங்கள்தான். கூட்டம் வந்தது. விக் வைத்த துரைகளைப் பார்த்து ஆணா பெண்ணா என்று பந்தயம் கட்டினார்கள். புயலில் போன பழைய கடற்பாலத்தின் படத்துக்கு முன்னால் துறைமுகக் கூலிகள் கூடி, எந்தத் தூணில் யார் மூட்டையோடு விழுந்தார் என்று சண்டை போட்டார்கள். கவர்னர்களின் வரலாறு அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. அவரவர் வீட்டு ஆளைத் தேடித்தான் வந்தார்கள்.

வைத்திக்குப்பத்து மீன்காரப் பெண்கள் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து பதினைந்தாவது படத்தின் முன்னால் நின்றார்கள். ஒருத்தி, "ஏய், இது எங்க அத்தடி!" என்றாள். இன்னொருத்தி, "போடி, எங்கம்மா மூக்குடி அது" என்றாள். ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு மகள்களும் மருமகள்களும் சேர்ந்துவிட்டார்கள். இவர்களில் செங்கேணி என்று ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், தினமும் வருவாள். சண்டையில் கலந்துகொள்ள மாட்டாள். "எங்கம்மா" என்று ஒரே ஒரு தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பாள்.

பிறகு என் லேபிள்கள் ஏறின. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, பார்க்க ஜோராக இருந்தன. 'ஓவியர்: திரு. ஆங்கோனு.' பதினாலு இடத்தில். பதினைந்தாவதில், 'ஓவியர்: திரு. ஆங்கோனு. படத்தில் இருப்பவர்: திருமதி ஆங்கோனு.'

பிரெஞ்சு தெரிந்தவர்கள் மதாம் டைப் அடித்த பிரெஞ்சு லேபிளைப் படித்தார்கள். தமிழ் தெரிந்தவர்கள் என்னுடையதைப் படித்தார்கள். இரண்டையும் சேர்த்து ஒருவரும் படிக்கவில்லை. ஊர் முழுக்க அப்போது அப்படித்தானே நடந்துகொண்டிருந்தது! ஆங்கோனுவின் புகழ் பரவியது. சைகோனில் பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஒரு பென்ஷன்காரர் என் மேசைக்கு வந்து, "ஆங்கோனுவோட தம்பி எங்க கம்பெனிலதான் இருந்தான். கொஞ்சம் குடிப்பான், மத்தபடி தங்கமான மனுஷன்" என்றார். நான் அதையும் பணிவோடு கேட்டுக்கொண்டேன்.

சிரிப்பு அத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒருநாள் காலை செங்கேணி நேராக என் மேசைக்கு வந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. "போர்டு எழுதற தம்பி நீதானா?" என்றாள்.

"ஆமாக்கா."

"இன்னா தம்பி இப்படிப் பண்ணிட்ட? எங்கம்மாவ யாரோ ஒரு ஆங்கோனுக்குக் கட்டி வெச்சிட்டியே! எங்கப்பன் பேரு காத்தவராயன்யா!"

அவள் சொன்ன விஷயம் இது. அவள் மகள் அஞ்சலைக்குக் காலாப்பட்டுப் பக்கத்துக் குப்பத்தில் தேசிங்கு என்பவரின் மகனோடு பேச்சு முடிந்து, வருகிற வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாக இருந்தது. அதற்குள் யாரோ என் லேபிளைப் படித்துவிட்டுப் போய், பெண்ணின் பாட்டி ஒரு வெள்ளைக்காரப் படக்காரனின் பெண்டாட்டி என்று தேசிங்கின் காதில் ஓதிவிட்டார்கள். படத்துக்குச் சொந்தம் கொண்டாடிய மற்ற பெண்கள் அத்தனை பேரும் ஒரே நாளில், "ஐய, அது யாரோ எவளோ" என்று கழன்றுகொண்டார்கள். தேசிங்கு ஆள் அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை அவரே வருவார். படத்தின் முன்னால் நின்று, இது எங்கம்மா இல்லை என்று செங்கேணி ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே தட்டு மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் சம்பந்தம் வேண்டாம்.

"அஞ்சலை மூணு நாளா சோறு திங்கல. அந்தப் பையனத்தான் கட்டுவேன்னு ஒக்காந்திருக்கா" என்றாள்.

புத்தி கெட்ட நான், "ஒரு வார்த்த தானக்கா, சொல்லிட்டுப் போயிடலாமே" என்றேன்.

"ஒங்கம்மாவ நிக்கவெச்சி, இவ எங்கம்மா இல்லன்னு சொல்லுன்னா நீ சொல்லுவியா?"

ஏதாவது செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஒருவேளை ஆங்கோனுவின் உண்மையான மனைவி வேறு யாராவது இருக்கலாம், அவர் ஊர் பேர் கிடைத்தால் செங்கேணியின் தாயை விடுவித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு மதாமிடம் போனேன்.

"மதாம், இந்த ஆங்கோனு எந்த ஊருக்காரர்?"

"எந்த ஆங்கோனு?"

"நம்ம ஆங்கோனுதான் மதாம். பதினஞ்சு படம் போட்டவரு."

டக்.

என்னைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார். என் லேபிள்களை வாசிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக வாசித்தேன். நாலாவது திரு. ஆங்கோனுவில் அவர் கையைக் கட்டிக்கொண்டார். திருமதி ஆங்கோனு வந்ததும் வராந்தாவுக்குப் போய், கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. ஐயோ, ஒரு நல்ல மனுஷியை அழவைத்துவிட்டோமே என்று பதறிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் அது அழுகை இல்லை என்று தெரிந்தது.

"மொசியே நாகப்பன்," என்றார், மூச்சு வாங்கியபடி, "ஆங்கோனுன்னா 'தெரியாது'ன்னு அர்த்தம். வரஞ்சவர் தெரியாது. அந்தப் பொண்ணும் யாருன்னு தெரியாது. அவ்ளோதான்."

நானோ தற்காலிக வேலைக்காரன், வீட்டில் இரண்டு குழந்தைகள். அதைவிட, இல்லாத ஒரு மனிதனுக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைத்து, இன்னொரு பெண்ணின் கல்யாணத்தையும் கெடுத்து வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. செங்கேணி சொன்னதையெல்லாம் மதாமிடம் ஒப்பித்தேன். மதாமின் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தம்மாவக் கூப்பிடுங்க" என்றார்.

மறுநாள் செங்கேணி வந்தாள். விஷயத்தைச் சொல்லி, "தப்பு என்னோடதுதாங்க்கா. 'தெரியாதவர்'னு மாத்தி எழுதிடறேன்" என்றேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"யாருக்குத் தெரியாது?" என்றாள்.

என் பக்கம் விரலை நீட்டினாள்.

"ஒனக்குத் தெரியாது. இந்தம்மாவுக்குத் தெரியாது. பீரோவுக்குப் பின்னால போட்டு வெச்சிருந்தவனுக்குத் தெரியாது. நான்தான் வந்து சொல்றேனே, இன்னும் இன்னா தெரியாதவ?"

மதாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கம்மான்னு நான் எழுத முடியாதும்மா. அவங்கள நான் பாத்ததில்ல. படத்துக்குப் பின்னாடியும் பேரு இல்ல."

"நான் சொல்றது போதாதா?"

"நீங்க சொல்றீங்க. அத நான் என் காதால கேட்டேன்." மதாம் பேனாவின் மூடியைக் கழற்றினார். "கேட்டத எழுதலாம்."

அன்று மாலையே பலகையை எழுதினேன். 'இப்படத்தில் இருப்பவர் தம் தாய் என்று வைத்திக்குப்பம் செங்கேணி சொல்கிறார். வரைந்தவர் பெயர் தெரியவில்லை.' மற்ற பதினாலு பலகைகளையும் கழற்றி வெள்ளைச்சாயம் அடித்தேன். அந்தப் பட்டாளத்துப் பென்ஷன்காரருக்குத்தான் ரொம்ப வருத்தம்.

வெள்ளிக்கிழமை தேசிங்கு நாலைந்து பேரோடு வந்தார். வாட்டசாட்டமான ஆள். வைத்திக்குப்பமும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. கழன்றுகொண்ட பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். செங்கேணி படத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஒரு வார்த்த சொல்லிடும்மா. இது ஒங்கம்மா இல்லன்னு சொல்லு. தட்டு வண்டியிலதான் இருக்கு" என்றார் தேசிங்கு. குரலில் கெஞ்சல்தான் இருந்தது. அவருக்கும் சம்பந்தத்தை விட மனசில்லை.

"சொல்ல மாட்டேங்க" என்றாள் செங்கேணி. "எம்பொண்ணு வாழ்க்க போனாலும் சொல்ல மாட்டேன்."

நான் முன்னால் வந்தேன். "ஐயா, ஆங்கோனுன்னு ஒருத்தர் கெடயாதுங்க. அது பிரெஞ்சுல 'தெரியாது'ன்னு ஒரு வார்த்த. நான் ஆள் பேருன்னு நெனச்சி எழுதிட்டேன்."

"ஆளே கெடயாதா? அப்ப பதினஞ்சு படத்த யார்யா போட்டது?"

"தெரியாதுங்க. அதுதான் பிரெஞ்சுல எழுதியிருந்தது."

தேசிங்கு நம்பவில்லை. மதாம் வந்து, "அவர் சொல்றது நெஜம்தான். தப்பு எங்களோடது, இந்தம்மா மேல ஒண்ணும் இல்ல" என்று சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒனக்குப் பிரெஞ்சு தெரியாதா?"

"தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது. நான் இன்னா பிரெஞ்சுல போர்டா எழுதறேன்?"

கூடமே வெடித்துச் சிரித்தது. முதலில் சிரித்தது செங்கேணிதான். பிறகு தேசிங்கு புதுப் பலகையை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "செங்கேணி சொல்கிறார்" என்ற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "பொண்ணு வாழ்க்கயே போனாலும் பெத்தவள விட்டுக்குடுக்கலயே. இவ பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்தா நம்மளயும் விட்டுக்குடுக்க மாட்டா" என்று தன் ஆட்களிடம் சொன்னார். தட்டை உள்ளே எடுத்துவரச் சொன்னார். அரசாங்கக் கட்டடத்தில் தட்டு மாற்ற விதிமுறை இடம் தருமா என்று நான் மதாமைப் பார்த்தேன். அவர் கவனமாக ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை அலுவலக வாசலில் ஏழு பெண்கள் வரிசையில் நின்றார்கள். "எங்க பேரயும் எழுது. அது எங்கத்த, நாங்களும் சொல்றோம்." மதாம், சொல்கிறவர் எல்லோர் பேரையும் எழுத வேண்டியதுதான் என்றார். படத்தைவிடப் பலகை பெரிசாகிவிடுமே என்று கவலைப்பட்டு, செங்கேணியிடம் ஒரு வார்த்தை கேட்டேன்.

"எழுதிக்கோ தம்பி. கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதாதவ பேரு மட்டும் வேணாம்" என்றாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அவள் தட்டில் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் பத்திரிகையும் வைத்துக் கொண்டுவந்தாள். எனக்கு ஒன்று, மதாமுக்கு ஒன்று. பிறகு படத்தின் முன்னால் போய்த் தரையில் ஒன்று வைத்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. நான் தூரமாக நின்றேன். அவள்தான் கூப்பிட்டாள்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், மதாம்கிட்ட சொல்லாத. எங்கம்மா என்னப் பெத்துப் போட்ட பத்தாம் நாளே போயிட்டா. மொகம் எனக்குத் தெரியாது. படம் கிடம் ஒண்ணும் கெடயாது."

"அப்புறம் எப்படிக்கா...?"

"மொத நாளு சும்மாதான் வேடிக்க பாக்க வந்தேன். இந்தப் பக்கம் போனாலும் என்னப் பாத்தா. அந்தப் பக்கம் போனாலும் என்னத்தான் பாத்தா. என்ன யாரும் அப்படிப் பாத்ததில்ல தம்பி. எங்கம்மான்னு வாயில வந்துடுச்சி. வந்த வார்த்தய அப்புறம் எப்படி இல்லன்னு சொல்றது? ஒருவாட்டி போனவள மறுவாட்டியும் போவ விடவா?"

மூக்கைச் சிந்தி முந்தியில் துடைத்துக்கொண்டு, "கட்டாயம் வந்துடணும், மதாமயும் இட்டுக்குனு வா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பலகையின் முன்னால் நின்று, நான் எழுதியதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இன்னொரு முறை வாசித்தேன். தம் தாய் என்று செங்கேணி சொல்கிறார். அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.